முதியோரின் நெஞ்சு வலியும் வயிற்று வலியும்: காரணம் கண்டறியும் முறை

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் நெஞ்சு வலி, வயிற்று வலி ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறிவது இளையோரிடம் கண்டறிவதைவிடக் கடினமானது. வலிக்கும் இடமும் நோய் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதய நோய் மேல்வயிற்று வலியாகவும், பித்தப்பை நோய் வலது தோள் வலியாகவும், நுரையீரலின் அடிப்பகுதியில் வந்த நிமோனியா வயிற்று வலியாகவும் வெளிப்படலாம். தமிழ்நாட்டு வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கும் பெயர் ‘வாயு’. பிற காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகு கடைசியாக வர வேண்டிய அந்த முடிவு, பல வீடுகளில் முதல் முடிவாகிவிடுகிறது. மருத்துவர்கள் எந்த வரிசையில் தேடுகிறார்கள், ஏன் அப்படித் தேடுகிறார்கள் என்பதைச் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளை மனத்தில் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நெஞ்சுக்குழி

மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தை நெஞ்சுக்குழி என்கிறோம். உடற்கூற்றியல்படி அது வயிற்றின் மேற்பகுதி. பெயரோ நெஞ்சைச் சொல்கிறது. அதன் நேர் உட்புறத்தில் இரைப்பை, கணையம், கல்லீரலின் இடது மடல் ஆகியவை உள்ளன. அவற்றின் பின்னால் பெருந்தமனி ஓடுகிறது. மேலே உதரவிதானம் என்னும் தசைத் தட்டு. அந்தத் தட்டின்மேல்தான் இதயத்தின் அடிப்புறம் படிந்திருக்கிறது. இதயத்தின் அடிச்சுவருக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபட்டால், நெஞ்சில் வலியே இல்லாமல் நெஞ்சுக்குழியில் அழுத்தம், குமட்டல், வாந்தி, குளிர்ந்த வியர்வை ஆகியவை மட்டும் வரலாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இதற்குக் காரணம் நரம்புகளின் அமைப்பு. தோலில் முள் குத்தினால் எந்த விரலில், எந்தப் பக்கத்தில் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. உள்ளுறுப்புகளுக்கு அவ்வளவு நெருக்கமான நரம்புப் பின்னல் இல்லை. இதயம், உணவுக்குழாய், இரைப்பை, பித்தப்பை ஆகியவற்றிலிருந்து வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியில், ஒன்றோடொன்று மேற்படியும் கணுக்களில் நுழைகின்றன. அதே கணுக்களுக்குத்தான் தோள், கை, முதுகு ஆகியவற்றின் தோலிலிருந்தும் நரம்புகள் வருகின்றன. ஒண்டுக்குடித்தன வீட்டில் நான்கு குடும்பங்களுக்கும் வாசலில் ஒரே அழைப்பு மணி இருப்பதைப் போன்றது இது. மணி அடிப்பது கேட்கும். யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று தெரியாது. மூளை, தனக்குப் பழக்கமான இடத்தை ஊகித்துச் சொல்கிறது.

வலியைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பெரியவர்கள் ‘வலி’ என்ற சொல்லைக் குத்தும் வலிக்கும் வெட்டும் வலிக்குமே பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். ‘நெஞ்சைப் பிசையுது’, ‘அடைக்குது’, ‘கரிக்குது’, ‘பாரமா இருக்கு’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பவை அவர்கள் கணக்கில் வலி அல்ல. அதனால் “நெஞ்சு வலி இருக்கா பாட்டி?” என்று கேட்டால் “இல்லப்பா” என்று பதில் வரும். மாரடைப்போ பெரும்பாலும் பிசைவதாகவும் அழுத்துவதாகவும்தான் வருகிறது. “என்ன பண்ணுது?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே மருத்துவரிடம் சொல்வது நல்லது. உடன் வருபவர்கள் அதை ‘கேஸ் ட்ரபிள்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் பாதித் தகவல் தொலைந்துபோகிறது.

முதுமை மறைப்பவை

இளைஞருக்குக் குடல்வால் அழற்சி வந்தால் காய்ச்சல் அடிக்கும், வயிறு பலகைபோல் இறுகும், இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடும். எழுபது வயதுக்காரருக்கு இந்த மூன்றுமே இல்லாமல் குடல்வால் வெடித்திருக்கலாம். வயிற்றுத் தசைகள் மெலிந்துவிடுவதால் இறுக்கம் தெரிவதில்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்துவிடுவதால் காய்ச்சல் எழுவதில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோய் உள்ளுறுப்புகளின் உணர்வு நரம்புகளைத் தேய்த்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், மூச்சு வாங்குவதாகவோ திடீர்ச் சோர்வாகவோ மட்டும் வரக்கூடும்.

சாப்பிடும் மாத்திரைகளும் அறிகுறிகளை மறைக்கின்றன. இரத்த அழுத்தத்துக்காக மெட்டோபிரோலால், அட்டெனலால் போன்றவற்றை எடுப்பவருக்கு உள்ளே இரத்தம் கசிந்தாலும் நாடித்துடிப்பு எதிர்பார்த்த அளவு உயராது. முட்டி வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். அதே மாத்திரை அந்தப் புண்ணின் வலியையும் மட்டுப்படுத்தும். முன்னறிவிப்பே இல்லாமல் புண் துளைத்துக்கொண்டு, அல்லது கறுப்பாக மலம் போய், நேராக மருத்துவமனைக்கு வரும் முதியவர்கள் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவற்றோடு இன்னொன்று: இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பக் கூடாது என்ற எண்ணம். இது எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் தாமதத்துக்கான காரணங்களைப் பட்டியலிட்டால் இதைத்தான் நான் முதலில் எழுதுவேன்.

முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததற்கு இத்தகைய வேறுபாடுகளே அடிப்படை. இந்தியாவில் அத்துறைக்குத் தொடக்கமிட்ட இடங்களில் சென்னை முதன்மையானது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோருக்கான பிரிவைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறையில் பட்டமேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

முதலில் இதயம்

வலி எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு தேடலைத் தொடங்கினால் வழி தவறும். எது விரைவில் உயிரைப் பறிக்குமோ அதை முதலில் தேடி, இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அடுத்ததற்குப் போவதே அவசரப் பிரிவின் முறை. ஆகவேதான் வயிறு வலிக்கிறது என்று வந்த முதியவருக்கும் முதலில் ஈசிஜி எடுக்கிறார்கள். “வயித்து வலிக்கு எதுக்கு நெஞ்சுல ஒயர் ஒட்டுறாங்க, காசு பிடுங்கவா?” என்று உறவினர் கோபப்படுவதை அவசரப் பிரிவு வாசலில் நின்றால் கேட்கலாம். நோயாளி உள்ளே நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி.

முதல் ஈசிஜி இயல்பாக இருந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. மாரடைப்பின் தொடக்கத்தில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். வலி நீடித்தால் சற்று நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இதயத்தின் அடிச்சுவர் பாதிக்கப்பட்டிருக்கும் என்று தோன்றினால் மார்பின் வலப்பக்கத்திலும் மின்முனைகளை வைத்துப் பார்ப்பார்கள். அடுத்தது டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை. இதயத் தசை சிதையும்போது இந்தப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. அது அளவிடக்கூடிய நிலைக்கு உயரச் சில மணி நேரம் ஆகும். எனவே வலி தொடங்கி அரை மணியில் எடுத்த சோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போய்விட முடியாது. சில மணி நேரம் இருக்கவைத்து மீண்டும் எடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு டிரோபோனின் எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதால், ஒரே ஓர் அளவைவிட இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள ஏற்றமே அதிகம் சொல்லும்.

மருந்துக்குக் கேட்டதை வைத்து நோயை முடிவுசெய்வது மற்றொரு தவறு. ஈனோவோ ஜெலுசிலோ குடித்ததும் ஏப்பம் வந்து இலேசானதால் அது வயிறுதான் என்று சொல்லிவிட முடியாது. இதய வலியும் தானாகத் தணிந்து மீண்டும் வரும் இயல்புடையது. அதேபோல் நாக்கின்கீழ் வைக்கும் சார்பிட்ரேட்டுக்கு வலி நின்றால் இதயம்தான் என்றும் உறுதியாகாது. உணவுக்குழாய்த் தசையின் இறுக்கத்தையும் அந்த மாத்திரை தளர்த்தும்.

இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் இந்த முதல் கட்டத்தில் சேர்ந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தால், கிழிப்பதைப் போன்ற கடும் வலி திடீரெனத் தொடங்கி முதுகுக்குப் பரவும். இரு கைகளுக்கு இடையே அழுத்தம் வேறுபடலாம். இதை மாரடைப்பு என்று கருதி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை எடுத்துக் கொடுக்கும் முன் மருத்துவரையோ 108 சேவையையோ கேட்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

1955இன் இரு நோயாளிகள்

உலகின் மிகச் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கிறது. 1955 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் டென்வர் நகரில் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தார், வயது 64. பகல் உணவுக்கு வெங்காயத்துடன் ஹாம்பர்கர் சாப்பிட்டவர் வயிறு சரியில்லை என்றார். அன்று நள்ளிரவுக்குப் பின் நெஞ்சில் கடும் வலி வந்தது. அவருடைய மருத்துவர் வலியடக்க ஊசி போட்டார். காலையில் செய்தியாளர்களிடம் செரிமானக் கோளாறு என்றுதான் சொல்லப்பட்டது. பகலில் எடுத்த ஈசிஜியில்தான் மாரடைப்பு என்பது வெளியானது. அவர் பிழைத்து, மறு ஆண்டுத் தேர்தலிலும் வென்றார்.

அதே ஆண்டு ஏப்ரலில் 76 வயது ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனில் காலமானார். அவருக்கு வயிற்றுப் பெருந்தமனி பலூன்போல் வீங்கியிருந்தது 1948இலேயே அறுவை மூலம் தெரிந்திருந்தது. வீக்கம் வெடித்தபோது வந்த வலி பித்தப்பை அழற்சியைப் போலவே இருந்தது. சில அறுவை மருத்துவக் கட்டுரைகள் இதை ‘ஐன்ஸ்டைன் அறிகுறி’ என்றே குறிப்பிடுகின்றன. முதியவருக்கு, குறிப்பாகப் புகைபிடித்த ஆணுக்கு, முதுகோடு சேர்ந்து வயிறு வலித்தால் ஸ்கேனில் பெருந்தமனியின் விட்டத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அன்று ஸ்கேன் கிடையாது. இன்று அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு ஸ்கேன் நிலையம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் செய்த ஏற்பாடு

ஈசிஜியில் எஸ்டி என்னும் பகுதி மேலெழுந்து தெரியும் மாரடைப்பை ‘ஸ்டெமி’ என்பார்கள். இதயத் தமனி ஒன்று முழுதாக அடைபட்ட நிலை இது. அடைப்பை விரைவில் திறந்தால் தசை பிழைக்கும். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி எல்லா ஊரிலும் இல்லை. இதற்காகச் சிறிய மருத்துவமனைகளை ஒரு பெரிய மருத்துவமனையோடு இணைக்கும் முறை தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் இதில் முன்னின்றனர். சிறிய மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து அனுப்புவது, தேவையானால் அங்கேயே கட்டி கரைக்கும் மருந்து கொடுப்பது, பிறகு ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பது திட்டம். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, ஏற்பாட்டுக்குப் பின் 14.2 விழுக்காடு. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்தனர். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்காமலே கிடைத்த பலன் இது.

2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டுசென்றது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை உடனே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மேற்குப் புறநகரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று இடங்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ, ஆவடிக்கு மேற்கே இருப்பவர்கள் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பப்படலாம். ஆட்டோ பிடித்து நேராகப் பெரிய மருத்துவமனைக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்கள் சி.டி.எச். சாலையின் மாலை நேர நெரிசலை மறந்துவிடுகிறார்கள். 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்சில் பயிற்சி பெற்றவர் உடன் இருப்பார். போகும் வழியில் இதயத் துடிப்பு தடுமாறினால் ஆட்டோக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஐந்து ஆண்டுகளாவது ஈஎஸ்ஐ காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். இது தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

வயிற்றுக்குள்

இதயமும் பெருந்தமனியும் நுரையீரலும் விடைபெற்ற பிறகு வயிறு. பித்தப்பைக் கல் முதியோரிடம் மிகச் சாதாரணம். அதனாலேயே ஒரு பொறி. ஸ்கேனில் கல் தெரிந்தவுடன் வலிக்குக் காரணம் அதுதான் என்று தேடலை நிறுத்திவிடக் கூடாது. பல ஆண்டுகளாகத் தொல்லை தராமல் கிடக்கும் கல்லாகவும் அது இருக்கலாம். பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ உண்டா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். கல் நழுவிப் பித்தநாளத்தின் வாயை அடைத்தால் கணையம் அழற்சியுறும். இரத்தத்தில் லைபேஸ் அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்வது அதற்குச் சான்று.

மருத்துவர்களே அஞ்சும் ஒன்று, குடலுக்குச் செல்லும் தமனி அடைபடுவது. நாடித்துடிப்பு ஒழுங்கற்று ஓடுபவரின் இதயத்தில் உருவான கட்டி ஒன்று நகர்ந்து போய்க் குடல் தமனியில் சிக்கும். நோயாளி வலியில் துடிப்பார். வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். வலிக்கும் பரிசோதனைக்கும் இடையிலான இந்த முரணே துப்பு. மருந்தேற்றிய சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும் என்பதால் ‘காலையில் பார்க்கலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் அரை மணியில் வலி வந்து, சாப்பாட்டுக்கே பயந்து மெலிந்துபோகும் முதியவருக்கு இதே தமனி மெல்ல மெல்லச் சுருங்கி வரக்கூடும்.

இரைப்பை துளைத்தால் நிற்கவைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழே காற்று தெரியும். எல்லோருக்கும் தெரிந்துவிடாது, அப்போது சிடி. புதிதாக மலச்சிக்கல், எடைக் குறைவு, இரத்தசோகை மூன்றும் சேர்ந்தால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று உள்நோக்கியில் பார்த்துவிட வேண்டும்.

வலியடக்கும் ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும், காரணம் தெரியும்வரை போடக் கூடாது என்ற பழைய கொள்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. மருத்துவமனையில் அளவோடு வலியைக் குறைப்பது நோயறிதலைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வலியில் முறுக்கிக்கொண்டிருப்பவரைவிடச் சற்றுத் தணிந்தவரைப் பரிசோதிப்பது எளிது.

துணியை விலக்கினால் தெரிபவை

எந்த இயந்திரமும் தேவைப்படாத சில காரணங்கள் உண்டு. வாந்தியும் வயிற்று உப்புசமுமாக வரும் மூதாட்டியின் தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கலாம். குடலின் ஒரு துண்டு அங்கே இறங்கிச் சிக்கிக்கொண்டிருக்கும். குடலிறக்கம் என்பது இதுதான். புடவையை விலக்கிப் பார்க்காததால் தவறிப்போகும் நோய் இது. பாட்டி கூச்சத்தில் சொல்ல மாட்டார்; இளம் மருத்துவர் கூச்சத்தில் கேட்க மாட்டார். பெண் செவிலியரையோ மகளையோ உடன் வைத்துக்கொண்டு பார்த்தாக வேண்டும்.

ஆண்களுக்கு இதற்கு ஈடானது சிறுநீர் அடைப்பு. புராஸ்டேட் வீங்கியவர் சளிக்கு ஏதோ மாத்திரை போட்ட மறுநாள் அடிவயிறு புடைத்து வலியோடு வருவார். சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போய்க்கொண்டே இருப்பதால் அடைப்பு என்று யாருக்கும் தோன்றாது. குழாய் போட்டதும் அரை லிட்டருக்கு மேல் வெளியேறி, வலி நின்ற இடம் தெரியாது.

நெஞ்சின் அல்லது வயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல் எரிச்சலும் வலியும் இருந்து, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் இயல்பாக வந்தால் இரண்டு மூன்று நாள் தோலைக் கவனிக்க வேண்டும். அதே பட்டையில் கொப்புளங்கள் வந்தால் அக்கி. சின்னம்மைக் கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து முதுமையில் எழுவதால் வருவது. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் கிருமியடக்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். பிந்தினால் கொப்புளம் ஆறியும் மாதக்கணக்கில் வலி நிற்பவர்கள் உண்டு.

எலும்பு மெலிந்த மூதாட்டிக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதிலேயே முதுகெலும்புக் கட்டை நொறுங்கி, வலி விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வரலாம். முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் வலிக்கும் இடம் தெரிந்துவிடும்.

உடன் செல்பவர் கையில்

மருத்துவருக்கு அதிகம் உதவுவது கோப்பில் இருக்கும் பழைய ஈசிஜி. இன்றைய ஈசிஜியில் தெரியும் மாற்றம் புதியதா, பத்து ஆண்டுகளாக இருப்பதா என்பதை அது ஒன்றுதான் சொல்லும். அதை ஒரு புகைப்படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கலாம். ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது. சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். மாத்திரைகளின் பெயர் தெரியாவிட்டால் பட்டையோடு பையில் போட்டு எடுத்துச் செல்லலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை, நாட்டு மருந்துக் கடை லேகியம், முட்டி வலி எண்ணெயோடு வந்த மாத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வலி தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘நேற்று ராத்திரியிலிருந்து’ என்பதற்கும் ‘ஒன்பதே முக்காலிலிருந்து’ என்பதற்கும் இடையே, கட்டி கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்ற முடிவே மாறக்கூடும்.